115,200 என்று காட்டியது

2001-ல் தேனியில் ஒரு பிரௌசிங் சென்டர் வாசலில் கரும்பலகை வைத்திருந்தார்கள். ‘இங்கு 115 கே ஸ்பீடு!’ என்று சாக்பீஸில் எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு. நான் அப்போது பி.காம். மாணவன். எண்ணைப் பார்த்தால் உடனே நம்பிவிடும் ரகம். உள்ளே போய் உட்கார்ந்தேன். மெயில் பெட்டி திறப்பதற்குள் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் போலிருந்தது.

“அண்ணே, 115-ன்னு போட்டிருக்கீங்களே?”

“நானா சொல்றேன் தம்பி? கம்ப்யூட்டரே சொல்லுது, பாருங்க.”

திரையின் ஓரத்தில் சத்தியமாக அப்படித்தான் இருந்தது. 115,200 பிபிஎஸ். மோடத்தின் டப்பாவிலோ 56 கே என்றுதான் அச்சிட்டிருந்தது. இதில் யார் பொய் சொல்கிறார்கள்?

யாருமே இல்லை. அதுதான் வேடிக்கை. டயல்-அப் பாதைக்கு இரண்டு துண்டு உண்டு. மோடத்திலிருந்து டெலிபோன் கம்பி, எக்ஸ்சேஞ்ச் வழியாக இன்டர்நெட் கொடுப்பவர் வரை ஒன்று. கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே இரண்டு முழ கேபிள் இன்னொன்று. அந்தக் கேபிளைச் செருகுகிற வாய்தான் சீரியல் போர்ட். விண்டோஸ் 95, 98 காலத்தில் பல மோடங்கள் லைன் கிடைத்ததும் இந்த இரண்டு முழத்தின் வேகத்தைத்தான் திரைக்குச் சொல்லி அனுப்பின. லோயர் கேம்ப்பில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கேட்டால், ‘எங்க வயல் மடை மூணடி அகலம்’ என்று பதில் சொன்ன மாதிரி.

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர்க்காரர்கள் யாரும் இந்தப் பதிலில் ஏமாற மாட்டார்கள். நாங்கள் ஏமாந்தோம். பத்திரிகைகளும் விடவில்லை. ‘இன்டர்நெட் வேகத்தைக் கூட்ட பத்து வழிகள்’ என்று போடுவார்கள். கன்ட்ரோல் பேனலில் மோடத்தைத் திறந்து மேக்ஸிமம் ஸ்பீடை 115,200 ஆக்கு என்பது தவறாமல் அதில் இருக்கும். ஏன் என்று ஒரு வரி இருக்காது.

சரி, அப்படியானால் போர்ட் வேகம் சும்மா டூப்பா? அப்படிச் சொன்ன மேதாவிகளும் உண்டு. அவர்களும் பாதிதான் சரி.

போடியில் ஏலக்காய் வியாபாரிகளைக் கேளுங்கள். நாலஞ்சு கிலோ பச்சைக் காய் காய்ந்து ஒரு கிலோ ஆகும். லாரியில் ஏறுவது காய்ந்த காய். மோடமும் அதைத்தான் செய்தது. வி.42பிஸ் என்ற முறையில் எழுத்தும் எண்ணுமான தகவலைச் சுருக்கி லைனில் அனுப்பும். அதிகபட்சம் நாலில் ஒரு பங்காக. இந்தப் பக்கத்து மோடம் அதை மறுபடி ஊதிப் பெருக்கி, கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். ஆகவே லைன் 28,800 என்றால் கேபிள் அதைவிட இரண்டு மூன்று மடங்கு தாங்க வேண்டும். போட்டோ, பாட்டு, ஜிப் ஃபைல் எல்லாம் ஏற்கெனவே காய்ந்த காய். அவற்றை இன்னொரு தடவை காயவைத்துப் பயனில்லை. அங்கே 115,200 வைத்தாலும் லைன் கொடுப்பதுதான் கிடைக்கும்.

இதைக் காசு கொடுத்துக் கற்றது போடியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில். எடுபிடியாகச் சேர்ந்திருந்தேன். பழைய 486 கம்ப்யூட்டர், வெளியே 28.8 மோடம், மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு ஃபைல் வாங்குவோம். போர்ட்டை யாரோ 19,200-ல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சீரியல் போர்ட்டில் ஓர் எழுத்துக்கு எட்டு பிட்டோடு ஆரம்பம், முடிவு என்று இரண்டு பிட் தண்டம். ஆக, விநாடிக்கு 1,920 எழுத்து. 500 கேபி கணக்கு ஃபைலுக்கு நாலரை நிமிஷம். லைன் சும்மா கிடக்க, மீட்டர் மட்டும் ஓடியது. பில்லைப் பார்த்து ஆடிட்டர் என்னைத்தான் முறைத்தார்.

பத்து வழிகளைப் படித்தவன் அல்லவா, 115,200 ஆக்கினேன். ஃபைல்கள் பாதியில் உடைந்தன. காரணம் போர்ட்டுக்குள் இருக்கும் யுஏஆர்டி என்ற சின்னச் சில்லு. பழைய 8250, 16450 சில்லுகளால் ஒரே ஓர் எழுத்தைத்தான் கையில் வைத்திருக்க முடியும். 115,200-ல் 87 மைக்ரோ விநாடிக்கு ஓர் எழுத்து வந்து விழும். கம்ப்யூட்டர் அந்த நேரம் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தால் முந்தைய எழுத்து அம்பேல். 16550ஏ சில்லு 16 எழுத்தைத் தாங்கும். அந்தக் கார்டு மதுரையிலிருந்து வரும்வரை 38,400-ல் வைத்து ஓட்டினோம்.

என் புகார் மோடத்தின் மேல் இல்லை. அந்தத் திரை ஓரத்து எண்ணின் மேல். ‘இது கேபிள் வேகம்’ என்று இரண்டு வார்த்தை சேர்த்திருந்தால், தேனி வாடிக்கையாளர் சண்டை போட வேண்டிய இடம் சென்டர்காரர் அல்ல, மழை பெய்தால் கரகரக்கும் டெலிபோன் லைன் என்று தெரிந்திருக்கும். எதிர்முனையிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை முழுக்க டிஜிட்டலாக இருந்தால்தான் 56 கே மோடம் அதன் பெயருக்குப் பக்கத்திலாவது போகும். இல்லையென்றால் 33.6-தான் உச்சம்.

மேலூர் கிராமங்களில் அதே சமயம் இதைவிட நேர்மையாக ஒன்று நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவின் கார்டெக்ட் வயர்லெஸ் இணைப்பு. சுவரில் மாட்டும் பெட்டியின் சீரியல் போர்ட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராகக் கேபிள். நடுவில் மோடமே கிடையாது. வேகம் 35 அல்லது 70 கே என்று காற்றில் வருவதைத்தான் சொன்னார்கள்.

போன மாதம் தேனி போயிருந்தேன். பிரௌசிங் சென்டர் இப்போது செல்போன் கடை. அதே அண்ணன்தான், தலை நரைத்துவிட்டது. வைஃபையில் 433 எம்பி வருவதாகப் பெருமையாகப் போனை நீட்டினார். பிளான் எவ்வளவு என்று கேட்டேன்.

“நாப்பது” என்றார்.