ஆசிரம மார்க்கில் இரண்டு தடங்கள்

டெல்லி மந்திர் மார்க்கில் உள்ள தமிழ்ப் பள்ளிக்கோ பிர்லா மந்திருக்கோ மெட்ரோவில் வருகிறவர்கள் பெரும்பாலும் இறங்குவது ராமகிருஷ்ணா ஆசிரம மார்க் நிலையத்தில். நீலத் தடம் அங்கே 2005 டிசம்பர் 31இல் வந்துவிட்டது. ஜனக்புரி மேற்கிலிருந்து அதே இடத்துக்கு வரவேண்டிய நான்காம் கட்டத் தடத்தின் வேலை 2019 டிசம்பரில் தொடங்கியது. 2025 ஜனவரியில் திறந்தது கிருஷ்ணா பார்க் எக்ஸ்டென்ஷன் வரையிலான ஒரே ஒரு நிலையத் தூரம். கட்டுவதோ அதே டெல்லி மெட்ரோ நிறுவனம்.

முதல் தடத்தின் வேகத்துக்கு எல்லோரும் சொல்லும் காரணம், நிறுவனத்தின் அப்போதைய நிர்வாக இயக்குநர் ஈ. ஸ்ரீதரன் பணித்தளங்களில் மாட்டிவைத்த பின்னோக்கி எண்ணும் கடிகாரம். வழக்கமான அரசு வேலை நிலம், அனுமதி, டெண்டர் என்று முன்னோக்கி நகரும், முடிகிறபோது முடியும். அவர் முடிவுத் தேதியிலிருந்து பின்னால் எண்ணினார். பத்தாண்டு என்று கணக்கிட்ட 65 கி.மீ. முதல் கட்டம் ஏழாண்டுச் சொச்சத்தில் முடிந்தது.

கடிகாரத்துக்கு இவ்வளவு பெருமை தேவையா? 1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை மீட்க முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று. இளம் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலில் விழுந்து கிடந்த கர்டர்களையே தூக்கிப் பொருத்தலாம் என்று களத்தில் முடிவெடுக்க முடிந்ததுதான் அங்கே விஷயம். டெல்லியிலும் மத்திய, மாநில அரசுகள் சரிபாதிப் பங்கு வைத்திருந்தும், டெண்டரை நிறுவனமே முடிவுசெய்ய விட்டார்கள். கடிகாரத்தை மாட்டுவது சுலபம். இந்த அதிகாரத்தைக் கொடுப்பதுதான் அரசுகளுக்குக் கசக்கும்.

முறையின் குறையும் சிறிதல்ல. 2009 ஜூலை 12இல், காமன்வெல்த் போட்டிக்குள் முடிக்கவேண்டிய தடத்தில், ஜம்ருத்பூரில் பாலம் இடிந்து ஆறு பேர் இறந்தார்கள். ஸ்ரீதரன் அன்றே ராஜினாமா கொடுத்தார். முதல்வர் ஷீலா தீட்சித் ஏற்கவில்லை. அவசரம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; விசாரணை வடிவமைப்பையும் கான்கிரீட்டையும் குறை சொன்னது. ஆனால் தேதி தலைக்கு மேல் ஓடும் தளத்தில் “இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கலாம்” என்று சொல்ல இளநிலைப் பொறியாளருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நான்காம் கட்டத்தை இழுத்ததில் கொரோனாவோடு மரம் வெட்டும் அனுமதிக்கும் பெரும் பங்கு உண்டு. சென்னையில் வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயிலையும் அரைக் கிலோமீட்டர் நிலம் பத்தாண்டுக்கு மேல் முடக்கியது. இவற்றைத் தடங்கல் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை: வீட்டை இழப்பவருக்கும் மரத்துக்காகப் பேசுபவருக்கும் கோப்பின் நிதானம் ஒன்றுதான் பிடிமானம். அந்த வழக்குகளை டெண்டருக்கு முன்பே தீர்த்துவிட்டு, கடிகாரத்தைப் பிறகு ஓடவிட்டிருக்கலாம்.