பரணியில் அமணர் வேடம்

போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்பது இலக்கணம். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணிக்குப் பாட்டுடைத் தலைவன் முதற் குலோத்துங்கன். ஆனால் 1110-ஐ ஒட்டி நடந்த அந்தப் போரில் களம் கண்டவன் வண்டை நகர்க் கருணாகரத் தொண்டைமான். மன்னன் காஞ்சியில் இருக்க, திறை தராத கலிங்க வேந்தன்மேல் படை நடத்தியவன் அவனே.

அவன் வாழ்க்கையைப் பரணியில் தேடினால் அதிகம் கிடைக்காது. ஆறுகளைக் கடந்தான், ஊர்களை எரித்தான், ஒரு மலையை இரவெல்லாம் வளைத்து நின்றான், யானையும் செல்வமும் கொண்டுவந்து மன்னன் அடியில் வைத்தான், அவ்வளவுதான். அவன் மனைவி காஞ்சிபுரத்துக் கோயிலுக்கு விளக்கு வைத்ததைக் கல்வெட்டுதான் சொல்கிறது.

நம்ம சமணர் சிலருக்கு இந்நூல்மேல் ஒரு வருத்தம் உண்டு. தோற்ற கலிங்கர், தலைமயிரும் அரைத்துணியும் போன கோலத்தில், "நாங்க அமணர்" என்று சொல்லித் தப்பியதாக அதில் ஒரு பாட்டு வருகிறது. நம்மைக் கேலி செய்துட்டாரே என்பார்கள். வில் நாணைப் பூணூலாக்கியவரும், குருதி தோய்ந்த கொடித்துணியை உடுத்திச் சாக்கியர் ஆனவரும், பாணர் ஆனவரும் கூடவே வருகிறார்கள். கேலி எல்லாருக்கும் பொது.

இதே காட்சி சிலப்பதிகாரத்திலும் உண்டு. குமுளிக்கு மேலே மங்கலதேவி மலைக்குச் சித்திரைப் பௌர்ணமியில் போகிறவர்கள் வஞ்சிக் காண்டத்தை ஒருதரம் புரட்டிப் பாருங்கள். செங்குட்டுவனிடம் தோற்றவர்கள் மயிற்பீலி ஏந்திய நோன்பிகளாகவும் கூத்தராகவும் ஓடுகிறார்கள். இளங்கோவடிகள் அங்கே நின்று சிரிக்கவில்லை. தவக்கோலத்தில் ஓடியவரைப் பிடித்தது ஒரு வெற்றியா என்று சோழனும் பாண்டியனும் இகழ்கிறார்கள். சேரன் சீறுகிறான். மாடலன் அவனைத் தணித்து, மறக்கள வேள்வியை விட்டு அறக்கள வேள்வி செய் என்கிறான்.

அடிகள் அறக்கேள்வி ஆக்கியதைச் செயங்கொண்டார் நகைச்சுவை ஆக்கினார். காவியம் என்ற அளவில் அடிகளே உயர்ந்தவர், சந்தேகமில்லை. ஆனாலும் பரணியின் நகைச்சுவைக்கு அடியில் ஒரு சாட்சியம் இருக்கிறது. நான் வியாபாரி, எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். செல்லுகிற காசைத்தான் கள்ளக்காசாக அடிப்பான், செல்லாத காசை எவன் அடிப்பான்? வெறிகொண்ட படைவீரனும் துறவிமேல் வாள் வைக்க மாட்டான் என்ற நம்பிக்கை ஊரெல்லாம் இருந்தால்தான் அந்த வேடம் செல்லும், கேட்டவனுக்கும் சிரிப்பு வரும்.

தொண்டைமான் படை எத்தனை யானை கொன்றது என்பதைவிட, அந்தக் கோலத்தைக் கண்டு வாளைத் தாழ்த்தியதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாலக்காடு ஜைனிமேட்டுச் சந்திரநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போகும் பிள்ளைகளிடம் இந்தப் பாட்டை மறைக்க வேண்டாம். பொருளோடு சொல்லிக் கொடுங்கள்.