ட்வைலைட் (நாவல்): வாசகர் எதிர்வினை

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெபனி மேயரின் ட்வைலைட் (2005) நான்கு நாவல்கள் கொண்ட வரிசையின் முதல் நூல். ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூருக்குக் குடிவரும் 17 வயதுப் பெல்லா, உடன் படிக்கும் எட்வர்ட் ஓர் இரத்தக் காட்டேரி என்று அறிந்தும் அவனைக் காதலிக்கிறாள்.

இந்நாவல் பெற்ற வரவேற்புக்கும் மறுப்புக்கும் காரணம் ஒன்றே. கதை பெல்லாவின் தன்மைக்கூற்றில் சொல்லப்படுகிறது. எட்வர்ட் இரவில் அவள் அறைக்குள் நுழைந்து அவள் உறங்குவதைப் பார்ப்பது, அவளுடன் ஒன்றிய வாசகர்களுக்குக் காவலாகத் தோன்றியது. விலகி நின்று வாசித்தவர்கள் அத்துமீறல் என்றனர். ஆணால் காப்பாற்றப்படவே பெல்லா படைக்கப்பட்டாள் என்ற விமர்சனமும் எழுந்தது.

2015ல் மேயர் முதன்மைப் பாத்திரங்களின் பாலினத்தை மாற்றி 'லைஃப் அண்ட் டெத்' நாவலை வெளியிட்டார். ஆபத்தில் இருப்பவர் பெண் என்பதல்ல, மனிதர் என்பதே முக்கியம் என்பது அவர் வாதம். இது காப்பாற்றப்படும் பெண் என்ற விமர்சனத்துக்குப் பதிலாகிறது. அனுமதியின்றி நுழைவதைக் காதல் எனலாமா என்ற கேள்வி பாலினத்தை மாற்றுவதால் தீராது. முதற்காதலின் தன்னிழப்பை உள்ளிருந்து காட்டுவது நாவலின் பலம். அந்த நுழைவைப் பெல்லா பெருமையாகவே ஏற்பது அதன் குறை.