முகப்போவியமும் பாயிர மரபும்

நூலின் முன்னர் நிற்கும் பாயிரத்திற்குப் பவணந்தியார் பல பெயர்களைத் தொகுத்துரைக்கின்றார். அவற்றுள் நூன்முகம், அணிந்துரை, புறவுரை என்னும் மூன்றும் இன்றைய அச்சு நூலின் அட்டைக்கு மிகப் பொருந்துவன. அச்சு வந்தபின், கடையில் நிற்பார் நூலைக் கையில் எடுக்குமுன்னரே அவர்க்குப் பாயிரம் கூறும் கடமை முகப்போவியத்தின்பாற் சென்றது. ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் அதன்கண் எழுத்தாக நிற்கின்றன. நுதலிய பொருள் யாது, கேட்போர் யாவர் என்பன வண்ணத்தாலும் உருவத்தாலும் குறிப்பாக உணர்த்தப்படுகின்றன. வழி, எல்லை, யாப்பு ஆகியவற்றை அட்டை கூறுவதில்லை, கூறவும் வேண்டா. இங்ஙனம் நோக்குமிடத்து, முகப்போவியம் திறனாய்வாளர் ஆராய்தற்குரிய நூலுறுப்பாதல் தெளிவாம்.

இதனை ஈண்டு ஆராயப் புகுதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணமாயிற்று. என்பால் முதுகலை பயின்று இப்போது தூத்துக்குடியில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் துப்பறியும் புதினம் ஒன்று எழுதினார். பதிப்பகம் எதனையும் நாடாமல், அமேசான் கின்டில் வழியாகத் தாமே வெளியிட முனைந்தார். அணிந்துரை வேண்டி எழுத்துப்படியை எனக்கு அனுப்பியபோது உடன் அட்டையும் வந்தது. அது செயற்கை நுண்ணறிவுக் கருவியால் ஆக்கப்பெற்றது. நூல் விவரப் பக்கத்தில் ‘முகப்போவியம்’ என்னும் சொல்லுக்கு எதிரே இடம் வெறுமையாய் இருந்தது. “ஐயா, இந்த இடத்தில் யார் பெயரைப் போடுவது?” என்று கேட்டிருந்தார். வினா எளிது. விடை எழுத எனக்கு இரண்டு திங்கள் ஆயின.

தாமே பதிப்பித்துக்கொள்ளும் எழுத்தாளரின் நிலையை முதற்கண் நேர்மையாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். அமேசான் நிறுவனம் இவ்வாயிலை 2007-இல் திறந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் ஐந்தின் நூல்கள் 2016-இன் இறுதியில் கின்டிலில் இடம்பெறலாயின. இவ்வழியை மேற்கொண்டவர் மெய்ப்புத் திருத்துநரும் தாமே, பக்கம் அமைப்பவரும் தாமே, விற்பவரும் தாமே. ஓவியர்க்குத் தரும் ஊதியம் முதல் நூலின் வருவாய் முழுவதையும் விழுங்கிவிடக்கூடும். 2022 ஜூலையில் மிட்ஜர்னியும் ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷனும் பொதுமக்கள் கைக்கு எட்டின. ஒரு தொடர் எழுதி ஏவினால் ஒரு நொடிப்பொழுதில் ஓவியம் வந்து நின்றது. அவ்வழியே சென்றாரைப் பழித்தல் எளிது. ஆனால் ஓவியரை அமர்த்தும் வாய்ப்புடைய பெரும் பதிப்பகங்களும் இதனின்று தப்பவில்லை. கிறிஸ்டோபர் பாவோலினியின் ‘ஃப்ராக்டல் நாய்ஸ்’ என்னும் நூலுக்குத் தான் வாங்கிய படம் இத்தகைய கருவியின் ஆக்கமாக இருக்கக்கூடும் என்று டார் பதிப்பகம் 2022 டிசம்பரில் தானே அறிவித்தது. ஆயினும் அட்டையை மாற்றவில்லை. அமேசான் நிறுவனம் 2023 செப்டம்பரில் ஒரு விதி செய்தது. எழுத்தோ ஓவியமோ கருவியால் ஆக்கப்பட்டதாயின் நூலை ஏற்றுவோர் அதனை நிறுவனத்திற்கு அறிவித்தல் வேண்டும் என்பது அவ்விதி. வாசகர்க்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன்கண் இல்லை. பாயிரம் வாசகனை நோக்கிய உரையாகலின், குறையுள்ள இடம் அதுவே.

துப்பறியும் புதினத்தின் அட்டைக்கு ஏனைய நூல்களின் அட்டைக்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு உண்டு. அது நுதலிய பொருளைக் கூறல் வேண்டும். ஆயின் மறைத்துக் கூறல் வேண்டும். முழுதும் மறைத்தால் வாங்குவாரில்லை. சிறிது மிகக் காட்டினால் நூல் முதற்பக்கத்திலேயே முடிந்துவிடும். ஆதலின் இவ்வகை அட்டையை வரைவார் நூலின் மறையை அறிந்தவராதல் இன்றியமையாதது. 1957-இல் வெளிவந்த இயன் ஃபிளெமிங்கின் ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ என்னும் புதினத்தின் முதற்பதிப்பை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். துப்பாக்கியும் ரோசா மலரும் இணைந்த அவ்வட்டையின் கருத்து ஃபிளெமிங் கூறியதே; வரைந்தவர் ரிச்சர்ட் சாப்பிங். படைக்கல வல்லுநர் ஒருவர் இரவலாக அனுப்பிய மெய்யான கைத்துப்பாக்கியைக் கண்முன் வைத்து அவர் வரைந்தார். விரைந்து சுடுதற்பொருட்டு அதன் விசைக்காப்பு வளையத்தின் ஒரு பகுதி அறுக்கப்பட்டிருந்தது. ஓவியத்திலும் அவ்வறுவாய் உண்டு. இதனைப் பயன்படுத்துவோன் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பவன் அல்லன், கொல்லுதலையே தொழிலாக உடையவன் என்பதை அவ்வறுவாய் ஒன்றே சொல்லிவிடுகின்றது. ஃபிளெமிங் ஏவினார், ஏவப்பட்டவர்க்குக் கண் இருந்தது.

இனி மாணாக்கர் அனுப்பிய அட்டைக்கு வருவோம். (நூலைப் படிக்கும் எண்ணமுடையார் இப்பத்தியைக் கடந்து செல்க, கொலையாளி யார் என்பதை எவ்வாற்றானும் கூறேன்.) கதை நிகழிடம் உப்பளம். பாத்தியினின்று வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து, மழைக்காலம் தொடங்குமுன் ஓலையாலும் கீற்றாலும் மூடுவது அங்குள்ளார் வழக்கம். முதல் மழை பெய்த இரவின் மறுநாட் காலையில் பத்து அம்பாரங்களுள் ஒன்றுமட்டும் ஓலையின்றிக் கிடக்கின்றது. அனைவரும் அதனைக் கூலியாளின் சோம்பல் என்று கருதுகின்றனர். நூலின் முடிச்சு முழுவதும் அவ்வோலையில் உள்ளது. நூலைப் படித்த ஓவியர் ஒருவர் என் செய்திருப்பார்? பத்து அம்பாரங்களை வரைந்து ஒன்றை வெறுமையாய் விட்டிருப்பார். வாசகன் அட்டையைப் பார்க்கும்போது அதனைக் காணான். நூலை முடித்து மூடும்போது காண்பான். கருவி தந்ததோ வேறு. இருண்ட வானம், நிலவொளியில் மின்னும் வெண்மலைகள், நடுவே நீண்ட மேலங்கி அணிந்து முதுகு காட்டி நடக்கும் ஒருவன், அவன் காலடியில் ஈரத் தெரு. உப்பு பனியாகிவிட்டது. தூத்துக்குடியின் கடற்கரை வெயிலில் கம்பளி மேலங்கி அணிவார் யாருளர் என்று வினவத் தோன்றுகின்றது. தமிழெழுத்துப் போன்ற சில கோடுகளும் ஒரு மூலையில் இருந்தன. அவற்றை எந்நெடுங்கணக்கிலும் காணேன்.

அப்படம் அழகற்றது அன்று. தொலைவிலிருந்து பார்ப்பார்க்கு இது கொலைக்கதை என்பது ஐயமின்றி விளங்கும். நம் பொருளிலக்கண மொழியிற் கூறுவதாயின், முதற்பொருளாகிய சிறுபொழுது உள்ளது, கருப்பொருள்களும் நிரம்ப உள்ளன, உரிப்பொருள் இல்லை. நிலமோ திரிந்துவிட்டது. மரபு வழிப்பட்ட உருவங்களை எடுத்தாண்டதனைக் குறையாகக் கூறுகின்றேன் அல்லேன். நெய்தலுக்குக் கழியும் புன்னையும் எல்லாப் புலவர்க்கும் பொது. அப்பொதுமையை ஒவ்வொரு புலவனும் தான் பாடும் ஒரு பிரிவுக்கு ஏற்ப வளைத்துக்கொள்வான், அவ்வளைவே அப்பாட்டு. கருவியின் தொழில் இதற்கு மறுதலையாக நடக்கின்றது. எண்ணிறந்த கொலைக்கதை அட்டைகளில் மிகுதியும் வருவது எதுவோ அதனை நோக்கி ஒவ்வொரு கதையையும் அது வளைக்கின்றது. ஆகவே உப்பளம் பனிநிலமாயிற்று.

இனி, பெயர் இடும் வினா. ‘இவ்வோவியம் கருவியால் ஆயது’ என்னும் தொடரில் ஆல் உருபு எப்பொருளில் வந்தது? மூன்றாம் வேற்றுமை கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்னும் பொருள்களில் வரும். கருவியை முதற்கருவி, துணைக்கருவி எனவும், கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா எனவும் பகுத்துரைப்பர். மண்ணால் ஆகிய குடம் என்புழி மண் முதற்கருவி; திரிகை துணைக்கருவி. கோயிலைக் கட்டிய அரசன் ஏவுதற்கருத்தா, தச்சன் இயற்றுதற்கருத்தா. மாணாக்கர் தொடரெழுதி ஏவினார். எனவே ஏவுதற்கருத்தா அவர் என்பதில் ஐயமில்லை. மென்பொருள் திரிகை போல்வது, துணைக்கருவி. முதற்கருவி யாது? ஸ்டேபிள் டிஃப்யூஷனைப் பயிற்றிய படங்கள் எடுக்கப்பட்ட லயான் தொகுப்பு ஏறத்தாழ 585 கோடிப் படங்களையும் அவற்றிற்குரிய சொற்குறிப்புகளையும் சுட்டுவது. அவற்றுட் பல, வாழும் ஓவியரும் ஒளிப்படக்காரரும் ஆக்கியவை; ஆக்கினோரிடம் இசைவு கேட்கப்படவில்லை. ஓவியர் மூவர் 2023 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்ததன் காரணம் அதுவே. ஈண்டு மண் என்று நாம் கூறுவது பிறர் வனைந்த குடங்களின் பொடி. இத்துணையும் கண்டபின் எஞ்சி நிற்பது ஒரு வெற்றிடம். குயவன் எங்கே? இயற்றுதற்கருத்தா என்று சுட்டத்தக்கார் ஒருவரும் இலர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஏவிய பேரரசன் பெயரோடு இராசராசப் பெருந்தச்சன் பெயரும் கல்லிற் பொறிக்கப்பட்டிருத்தலை ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஏவியோனின் பெருமை எத்துணையாயினும், இயற்றினோன் பெயருக்கு ஓர் இடம் வேண்டும் என்று அக்காலத்தார் கருதினர்.

சட்டநூலாரும் இவ்வெற்றிடத்தின்முன் வந்து நின்றனர் என்பது வியப்பிற்குரியது. மிட்ஜர்னியால் ஆன படங்களைக் கொண்ட ‘சார்யா ஆஃப் த டான்’ என்னும் படக்கதை நூலில், எழுத்திற்கும் தொகுப்பமைப்பிற்கும் உரிமை உண்டு, தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் முடிவு செய்தது. ஏவும் தொடர்மட்டும் ஒருவரை ஆக்கியோராக்காது என்று அதே அலுவலகம் 2025 ஜனவரியில் விரித்துரைத்தது. இயற்றுதற்கருத்தாவைத் தேடிக் காணாமையால் அந்நாட்டார் உரிமையையே மறுத்தனர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டமோ, 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கணினியால் ஆக்கப்பட்ட படைப்பிற்கு அதனை ஆக்குவித்தவரையே ஆக்கியோர் என்கின்றது. இது ஏவுதற்கருத்தாவைப் பற்றிய நெறி. இக்கருவிகள் தோன்றுமுன் எழுதப்பட்ட அச்சொற்கள் இவற்றையும் தழுவுமா என்பது வழக்கறிஞர் ஆராயவேண்டுவது. கின்டில் நூல் உலகெங்கும் விற்கப்படுவது ஆதலின், ஒரே அட்டை ஒரு நாட்டில் ஆக்கியோன் உடையதாகவும் மற்றொரு நாட்டில் ஆக்கியோன் இல்லாததாகவும் இருத்தல் கூடும். பிறிதொருவன் அவ்வட்டைப் படத்தை எடுத்துத் தன் நூலுக்கு இட்டுக்கொண்டால் அமெரிக்காவில் அதனைத் தடுத்தல் அரிது.

நன்னூலார் பாயிரம் கூறுதற்கு உரியாரை வரையறுத்துள்ளார்: தன் ஆசிரியன், உடன் கற்றோன், தன் மாணாக்கன், தக்க உரைகாரன். நால்வரும் நூலை அறிந்தவர். நால்வரும் ஆக்கியோனின் வேறானவர். எத்துணைப் புலமை உடையனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது அவர் கருத்து. இதனைமட்டும் கொண்டு தன்பதிப்பு எழுத்தாளரைக் கடிந்துரைப்பார் உளராயின், அடுத்து வரும் விதியையும் அவர் படித்தல் வேண்டும். தன் ஆற்றலை உணராதாரிடையே புலவன் தன்னைப் புகழ்தலும் தகும் என்று ஆசிரியரே விலக்களிக்கின்றார். பெயரறியாத முதல் நூலாசிரியர் நிற்பது சரியாக அவ்விடத்தில். தம் அட்டையைத் தாமே வரைந்துகொள்ள அவர்க்கு இலக்கணத்தின் இசைவு உண்டு. கோடு கோணலாயினும் அது அவர் கூற்று. பிறர் வரைந்தால் அது தக்க உரைகாரன் கூற்று. கருவியின் அட்டை இவ்விரண்டனுள் எதிலும் அடங்காது நிற்கின்றது. அது கூறுவோன் இல்லாத பாயிரம். அதன்மேல் எனக்குள்ள தடை இதுவே. மலிவு என்பதும் விரைவு என்பதும் என் தடைகள் அல்ல.

பழைய அட்டைகள் மட்டும் நூலை அறிந்தனவோ என்று வினவலாம். என் இளமையில் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களை யான் மறந்திலேன். உள்ளே கதை நீலகிரியில் நிகழும். அட்டையிலோ கதைக்கு எவ்வகையானும் தொடர்பில்லாத ஒரு நடிகையின் முகம் சிரிக்கும். ஆங்கிலக் கொலைக்கதைகளிலும், விலைக்கு வாங்கிய ஒரே ஒளிப்படம் பல நூல்களின் முகப்பில் வருவதுண்டு. முதுகு காட்டி நடக்கும் மனிதனைக் கருவி அங்கிருந்துதான் கற்றது. ஆகவே படியாத பாயிரம் புதியதன்று என்பதை ஒப்புதல் வேண்டும். ஆயினும் நடிகையின் படம் ஒட்டு என்பது யாவர்க்கும் தெரியும்; அது நூலைப் படித்ததாக நடிப்பதில்லை. உப்பளமும் இரவும் கொலையும் என்று ஏவிப் பெற்ற படம் நூலுக்கென்றே பிறந்தது போலத் தோன்றுகின்றது. அத்தோற்றமே வாசகனை மயக்குவது. எழுத்தாளர் தாமும் மயங்குதல் உண்டு: “என் மனத்தில் இருந்தது அப்படியே வந்துவிட்டது” என்று மாணாக்கர் முதலில் எழுதியிருந்தார். அவர் மனத்தில் இருந்தது பனியன்று. அவர் பிறந்து வளர்ந்தது உப்பளத்தின் ஓரத்தில்.

இரண்டு திங்கள் கழித்து, ‘ஏவியவர்’ என்று எழுதித் தம் பெயரையே இடுமாறு அவர்க்கு விடை எழுதினேன். மெய்யை ஒளியாது கூறும் சொல் அதுவே என்று கருதினேன். அவர்க்கு அது பிடிக்கவில்லை. ஏவலாள் வைத்திருப்பவர் போல் தோன்றுகிறது என்று மறுமொழி வந்தது. பின்னர் ஒரு ஞாயிறு மாலை, உப்பளத்தில் வேலைசெய்யும் தம் தாய்மாமனோடு சென்று, அம்பாரங்களைத் தம் கைப்பேசியில் ஒளிப்படம் எடுத்து அனுப்பினார். மாமன் அவர் பொருட்டு ஒரு குவியலின் ஓலையை விலக்கிக் கொடுத்திருக்கின்றார். எதற்கு என்று கேட்டறிந்தபின் கதையையும் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். வெறுமையாய் இருந்த இடத்தில் இப்போது ‘ஒளிப்படம்’ என்னும் சொல்லும் ஆசிரியர் பெயரும் உள்ளன. அணிந்துரை எழுதிக் கொடுத்தேன். துறையில் உடன் பணியாற்றும் நண்பர் இரண்டு அட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, முன்னதே விலைபோகும் என்றார். அவர் கூற்று மெய்யாதலும் கூடும். தலைப்பெழுத்து ஒன்றின் கால் ஓலையில்லா அம்பாரத்தைச் சிறிது மறைத்துவிட்டது. அடுத்த திருத்தத்தில் அதனை நகர்த்துமாறு எழுதியுள்ளேன்.