சத்தமில்லாமல் உடையும் ஸ்கிரிப்டுகள்

கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நேற்று ஓடிய டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்ட் இன்று ஓடவில்லை. தோண்டிப் பார்த்தால் பில்ட் மெஷினில் கமாண்ட் லைன் டூல் மட்டும் அப்டேட் ஆகியிருக்கும். "ஸ்கிரிப்ட் எழுதினவன் வெர்ஷனைக் கட்டிப் போட்டிருக்கணும்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சரிதான். ஆனால் டூலை மாற்றியவர்கள் எப்படி மாற்றினார்கள் என்பதையும் கேட்க வேண்டாமா?

2020 பிப்ரவரியில் வந்த ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ வெர்ஷன் 2-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் இசிஆருக்கான 'கெட்-லாகின்' கமாண்டை எடுத்துவிட்டார்கள். பாஸ்வேர்டோடு சேர்த்து முழு டாக்கர் லாகின் கமாண்டையும் அது திரையில் அச்சடிக்கும்; எடுத்தது நியாயம். பழைய ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே எரர் காட்டி நிற்கும். எரிச்சல்தான், ஆனால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இதே வெர்ஷனில் வந்த இன்னொரு மாற்றம் அப்படியில்லை. பைனரி டேட்டா வாங்கும் இடங்களில், நாம் கொடுப்பதை பேஸ்64 என்றே எடுத்துக்கொள்ளும். லாம்டாவுக்கு ஜேசன் அனுப்பினால் பிழைத்தோம்: அடைப்புக்குறிகள் பேஸ்64-இல் கிடையாது, உடனே எரர் வரும். கினிசிஸுக்கு 'டெஸ்ட்' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை அனுப்பினால்? அது முறையான பேஸ்64. டீகோட் ஆகி, சம்பந்தமே இல்லாத மூன்று பைட்டுகளாகப் போய்ச் சேரும். எரர் கிடையாது.

குபெர்னெட்டிஸ் 1.18 செய்ததும் இதே வகை. அதுவரை 'கியூப்சிடிஎல் ரன்' என்று அடித்தால் டிப்ளாய்மென்ட் உருவாகும். அதற்குப் பிறகு வெறும் பாட் மட்டும். கமாண்ட் வெற்றி என்றே சொல்லும். அந்த நோட் என்றைக்கு விழுகிறதோ அன்றைக்குத்தான், பாடை வேறு இடத்தில் எழுப்ப ஆளில்லை என்பது தெரியும். முந்தைய வெர்ஷன்களில் எச்சரிக்கை வந்தது உண்மை. பச்சை டிக் விழுந்த பில்டின் லாகை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

என் விமர்சனம் இதுதான்: ஒரு கமாண்டை நீக்குவது குற்றமில்லை. அதே பெயரை வைத்துக்கொண்டு அர்த்தத்தை மாற்றுவதுதான் குற்றம். வேறு வேலை என்றால் வேறு பெயர் கொடுக்கலாமே. மனிதனுக்கும் ஸ்கிரிப்டுக்கும் தேவை வேறு என்பதை கிட் எப்போதோ புரிந்துகொண்டது. 'கிட் ஸ்டேட்டஸ்' மனிதர்களுக்காக மாறலாம். 'போர்சலின்' ஆப்ஷன் கொடுத்தால் வரும் வடிவம் ஸ்கிரிப்டுகளுக்காக மாறாமல் இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

எல்லா டூலும் அப்படி இல்லை என்பதால் நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே டூலின் வெர்ஷனை லாகில் அச்சடியுங்கள். ஓடிய நாளின் லாகையும் உடைந்த நாளின் லாகையும் பக்கத்தில் வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பில்ட் இமேஜில் 'லேட்டஸ்ட்' என்று போடாமல் எண்ணைக் குறிப்பிடுங்கள். முக்கியமாக, எக்சிட் கோட் 0 வந்ததோடு நிறுத்தாதீர்கள். டிப்ளாய்மென்ட் நிஜமாகவே இருக்கிறதா, அனுப்பிய டேட்டா அப்படியே திரும்பி வருகிறதா என்று ஸ்கிரிப்டையே ஒருமுறை கேட்க வையுங்கள். 0 என்றால் கமாண்ட் முடிந்தது என்றுதான் அர்த்தம். நாம் நினைத்த வேலை முடிந்ததா என்பது தனிக் கேள்வி.