கோட்டைக்குப் பட்டயம், சிப்பாய்க்குக் கடிதம்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 'மராட்டிய இராணுவ நிலவெளிகள்' என்ற அத்தொகுப்பின் 12 கோட்டைகளில் மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றே. கல்லுக்கு வாரிசுரிமை கோர எப்போதும் ஆளுண்டு. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி தேசிங்கு செத்தான். அவன் கதைப்பாடலில் குதிரைக்குக்கூடப் பெயர் இருக்கிறது. கூடச் செத்த காலாட்களுக்கு இல்லை. அவங்க வீட்டுல மறுநாள் அடுப்பு எரிஞ்சுதா என்ற கேள்வியும் இல்லை. வீரம் பற்றிய சொல்லாடல் சாவைப் பாடும், பிழைப்பை மறைக்கும்.

'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்பதையும் இப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. 2011இல் பகத்சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு இக்கோரிக்கையை ஏற்றுப் பரிந்துரைத்தது. 2013 செப்டம்பரில் மோடி ரேவாரியில் முன்னாள் படைவீரர்களைக் கூட்டிப் பேசினார். பத்தாண்டு ஆட்சி முடியும் தறுவாயில், 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் ப. சிதம்பரம் 500 கோடி ஒதுக்கினார். ஆட்சி மாறியும் 2015இல் கிழவர்கள் ஜந்தர் மந்தரில் உட்கார வேண்டியிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 7இல் ஆணை வந்தது. 'நாங்கதான் கொடுத்தோம்' என்று இரு கட்சிகளும் சொல்கின்றன. கொடுத்தது எது? சட்டமல்ல, பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு கடிதம்.

இந்த வேறுபாடு சொற்பமானதல்ல. சட்டம் உரிமையை உண்டாக்கும். கடிதம் சலுகையை அறிவிக்கும். 2022 மார்ச்சில் உச்சநீதிமன்றம் இது கொள்கை முடிவு, அரசியலமைப்புப் பழுதில்லை என்று தீர்ப்பளித்தது. மூன்று மாதத்தில் தரச்சொன்ன நிலுவையோ 2024 பிப்ரவரி வரை தவணைகளாக இழுபட்டது.

முழக்கத்தின் உள்ளே இன்னொரு மௌனமும் உண்டு. 'ஒரே' என்ற சொல் சமத்துவம்போல ஒலிக்கிறது. 'பதவி' என்ற சொல் படிநிலையைக் காவல் காக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவின்படி இராணுவச் சேவை ஊதியம் அதிகாரிக்கு 15,500 ரூபாய், சிப்பாய்க்கு 5,200. குண்டு மட்டும் பதவி பார்ப்பதில்லை. 2023 பிப்ரவரியில் சிப்பாய்கள் தனியே போராட்டத்துக்கு வந்ததன் பொருள் இதுதான். 2004 முதல் மத்திய ஆயுதக் காவல் படைகளில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குத் தள்ளப்பட்டதும் இந்த முழக்கத்துக்குள் வராது.

கடிதத்தால் கொடுத்ததைப் போலவே, 2022 ஜூனில் அமைச்சரவை முடிவு ஒன்றால் எடுத்தும்விட்டார்கள். அக்னிபாத்தில் சேர்பவர்களில் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்கே நிரந்தரம். மற்றவர்களுக்கு நான்காண்டு வேலை, ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய்; அதில் பாதி அவன் சம்பளத்தில் பிடித்த பணமும் அதன் வட்டியும். ஓய்வூதியம் கிடையாது. மசோதா இல்லை, ஆகவே வாக்கெடுப்பும் இல்லை. யாருடைய கை உயர்ந்தது என்று செஞ்சி வாக்காளர் கேட்க ஒரு பதிவுகூட மிஞ்சவில்லை.

இராணுவத்தின் வன்முறையை விமர்சிக்கும் நாம் இதை ஏன் பேச வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். சீருடையைக் கழற்றினால் உள்ளே இருப்பவன் கூலிக்காரன். துப்புரவுத் தொழிலாளியை ஒப்பந்தத்துக்குத் தள்ளிய அதே தர்க்கம் அவனையும் தள்ளியிருக்கிறது. தேசபக்தி என்ற பெருங்கதையாடலுக்கு எதிராக வைக்கத்தக்க எளிய கேள்வி ஒன்றுண்டு: வீரவணக்கம் சரி, சட்டம் எங்கே?