பழம்பெருமைக்கு நடுவே ஒரு புதுப்பண்

“பேத்தோவனும் பாக்கும் நமக்கு எதுக்கு வே? அவன் பாட்டு அவனுக்கு. நம்ம பாட்டு நமக்கு!”

திருச்செந்தூர்க் கடற்கரையில் மாலை வேளையில் நம்மோடு உலவிய ஆசிரிய நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். ஒருபுறம் அலையோசை, மறுபுறம் கோவில் மேளம். இரண்டிற்கும் நடுவே எழுந்த அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் விடைகூற நம்மால் இயலவில்லை. ஆனால், விடை கூறியே ஆகவேண்டிய கேள்வி அது.

2025 மார்ச் 8 ஆம் நாள், பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராசா, இலண்டன் மாநகரின் அப்பல்லோ அரங்கில், ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு ‘வேலியன்ட்’ என்னும் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். குழுவை நடத்தியவர் மிகேல் டாம்ஸ். தமிழகம் களித்தது. களித்ததில் தவறில்லை. அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் பொதுமேடைகளில் பாடித் திரிந்த சிற்றூர்ச் சிறுவன் அடைந்த ஏற்றம் அது. எனினும், களிப்பு அடங்கியபின் எண்ணிப் பார்க்கவேண்டியவை சில உண்டு. அவற்றை எண்ணினோமா?

முதலில் நண்பரின் ஐயம். பல கருவிகள் கூடி ஒலிப்பது நமக்குப் புதிதா? ‘பல்லியம்’ என்ற சொல்லே நம் பழந்தமிழில் இருக்கிறது! முழவும் ஆகுளியும் கொம்பும் குழலும் தூம்பும் யாழும் சுமந்து செல்லும் கூத்தர் கூட்டத்தை மலைபடுகடாம் நம் கண்முன் நிறுத்துகிறது. சரி, அது பழங்கதை என்பீரேல், நம் மாவட்டத்து எட்டயபுரத்தை நோக்குங்கள். அங்கே 1835இல் மறைந்த முத்துசாமி தீட்சிதர், ஆங்கிலேயர் பேண்டு இசைத்த மெட்டுகளுக்கு வடமொழிப் பாட்டு எழுதினார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியக் கலைஞரிடம் வயலின் பயின்று, அதை நம் இசைக்கு உரியதாக்கி, எட்டயபுரம் அரண்மனையில் இசைவாணராகவும் விளங்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி மேடை உண்டா? கடல் கடந்து வந்த கருவிக்குத் தூய்மை கற்பித்து மடியில் வைத்துக்கொண்ட பிறகு, அக்கருவியோடு வந்த இசையை மட்டும் ‘அந்நியம்’ என்று வாசலில் நிறுத்துவது என்ன நீதி? நெல்லைச் சீமையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ கண்டபோது மேலையிசையையும் கற்றறிந்தே தமிழிசையின் தொன்மையை நிலைநாட்டினார். அறிவு வேலி தாண்டும். வேலி போடுவது ஆதிக்கம்.

இனி மேலைநாட்டார் முறையைப் பார்ப்போம். அங்கே சில இசையரங்குகளில் பழம்பெரும் படைப்புகள் இரண்டு இருக்கும். நடுவே, அந்த அரங்கே பொருள் கொடுத்துக் கேட்டு எழுதுவித்த புதுப்படைப்பு ஒன்றும் இருக்கும். இன்று நேற்று வந்த பழக்கமன்று இது. உலகம் போற்றும் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி எப்படிப் பிறந்தது? இலண்டன் ஃபில்ஹார்மோனிக் சங்கம் 1822இல் ஐம்பது பவுன் தருவதாகச் சொல்லிக் கேட்டு வாங்கிய சிம்பொனி அது! 1824 மே 7இல் வியன்னாவில் அரங்கேறிற்று. செவிப்புலன் இழந்த அந்த மேதைக்குக் கைதட்டல் கேட்கவில்லை. பிறர் அவரை அவையை நோக்கித் திருப்பி நிறுத்தினர். மறு ஆண்டு மார்ச்சில் இலண்டன் அதைக் கேட்டது. சரியாக இருநூறு ஆண்டு கழித்து, அதே மார்ச்சில், அதே இலண்டனில் ஒரு தமிழனின் சிம்பொனி! இன்று ‘செவ்வியல்’ என்று முடிசூட்டப்பட்ட ஒவ்வொன்றும், ஒருநாள் புதிதாய், ஐயத்தோடு கேட்கப்பட்டதே என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அந்த முறையிலும் குறை உண்டு, மறைக்க மாட்டோம். புதுப்படைப்பைப் பல அரங்குகள் பத்து நிமிட முகப்பாக வைத்து, அவையோர் வந்து அமர்வதற்குள் முடித்துவிடுகின்றன. நமக்குப் பழக்கமான கொடுமைதான்! நம் சபாக்களில் தமிழ்ப் பாட்டுக்கு ‘துக்கடா’ என்று பெயரிட்டுக் கச்சேரியின் கடைசியில் ஒதுக்கியவர்களை எதிர்த்தன்றோ 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது? நிகழ்ச்சி நிரலில் கொடுக்கும் இடமே மதிப்பைச் சொல்லிவிடும். ஒருவரைப் பந்தியில் எங்கே அமர்த்துகிறோம் என்பது போன்றது அது.

இளையராசாவின் பெருமை இங்கேதான் நமக்கு விளங்குகிறது. 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராசருக்கும் பாக்கிற்கும் ஒருங்கே காணிக்கையாக்கினார். அதில் பாக்கின் தனி வயலின் முகப்பிசை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் மீது தம் இழைகளைப் பின்னுகிறார். பழைய மேதையை விருந்தினராக அழைத்தாரேயன்றி, எசமானராக ஏற்றிவைக்கவில்லை. 2005இல் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு இணைத்தபோதும் இதே துணிவைக் காண்கிறோம். ஆனால் நம் காதுக்கு ஒரு குறையும் பட்டது: பெருங்குழுவின் பொங்கல் சில இடங்களில் தமிழ்ச் சொல்லை மூழ்கடித்து விடுகிறது. வாசகத்தின் உருக்கம் தனிக்குரலில் இருக்கும்போது நெஞ்சைத் தொடுகிறது. நூறு கருவிகள் எழும்போது வியக்க வைக்கிறது. உருக்கம் வேறு, வியப்பு வேறு.

இப்படிச் சொல்வது குற்றமா? குற்றம் என்போர் கூட்டமே இன்று பெரிது. “இலண்டனே எழுந்து நின்றது, நீ யார் பேச?” என்கிறார்கள். தோழர்களே, இதைவிடப் பெரிய அடிமைத்தனம் உண்டா? இலண்டன் கைதட்டினால்தான் நம் மேதை மேதையா? அன்று அரங்கில் திரண்டோரில் பலர், அவருடைய திரைப்பாடல்களை நெஞ்சில் சுமந்து சென்ற நம்மவர்களே. அன்பு நல்லது, ஆனால் அன்பு தீர்ப்பாகாது. ‘வேலியன்ட்’ ஒருநாள் மொசார்ட்டுக்கும் பேத்தோவனுக்கும் நடுவே, அவர் பெயரையே அறியாத செவிகளுக்கு முன்னால் ஒலிக்கவேண்டும். ஒப்பிடப்படுவது சிறுமையன்று. ஒப்பிட அஞ்சி ஒதுக்கி வைத்து வழிபடுவதே சிறுமை!

இன்னொன்று. 1971இல் ரவிசங்கரைக் கேட்டு எழுதுவித்தது இலண்டன் இசைக்குழு. 1985இல் தமிழராகிய எல். சுப்பிரமணியத்தைக் கேட்டு எழுதுவித்தது நியூயார்க் இசைக்குழு. மும்பையில் 2006இல் தோன்றிய இந்திய சிம்பொனி இசைக்குழு, சாகிர் உசேனைக் கேட்டு வாங்கிய ‘பேஷ்கார்’ என்னும் தபலாப் படைப்பை 2015இல் அரங்கேற்றி, 2019இல் பிரிட்டனுக்கே கொண்டு சென்று, ருசிய மேதை ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘ஷெகரசாதே’யோடு அருகருகே வைத்து ஒலித்தது. அயலார் கேட்டனர், பிற மாநிலத்தார் கேட்டனர். தமிழகம் எவரைக் கேட்டது? ‘பரிசில்’ என்ற சொல்லைப் படைத்த இனம், கேட்கும் பழக்கத்தை எங்கே தொலைத்தது?

ஆள் இல்லையா? இக்கடற்கரையிலேயே இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாய் நாதசுரமும் தவிலும் பயின்ற வீட்டுப் பிள்ளைகள். நான்கு குரலாய்ப் பிரிந்து பாடும் தேவாலயப் பாடற்குழுச் சிறுமியர். திருவிழாத்தோறும் பேண்டு வாசிக்கும் இளைஞர்கள். இல்லாதது, அவர்களை ஒரே கூரையின் கீழ் அமர்த்தி, கருவி தந்து, கற்பித்து, “எங்களுக்காகப் புதிதாய் ஒன்று எழுதுக” என்று இசைவாணரிடம் சொல்லும் ஓர் அவை. பாராட்டு விழாவிற்குப் பந்தல் போடும் கைகள், ஒரு பயிற்சிக் கூடத்திற்குச் செங்கல் எடுத்து வைக்கட்டும்.

நண்பருக்கு இதைத்தான் சொன்னோம். சற்றுநேரம் பேசாதிருந்தவர், “அந்தக் குழுவிலே தவிலுக்கு இடம் உண்டா வே?” என்று கேட்டார்.

உண்டாக்க வேண்டும் நண்பரே. அதற்காகத்தான் கேட்கச் சொல்கிறோம்.